நாய்க்குட்டி வளர்ப்பு: முதல் நூறு நாள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்த இதழில் இடம் பெறுகிறது.)



"சார், நம்ம குடியிருப்பில் புதுசா நாய்க்குட்டி வாங்குறவங்க கூடிட்டே போறாங்க. அவங்களுக்குப் பயன்படுற மாதிரி ஒரு அரை மணி நேரம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் கால்நடை மருத்துவர் அல்லன். பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று நாய்களைக் குட்டியிலிருந்து வளர்த்திருக்கிறேன். முதல் இரண்டு தனி வீட்டில். மூன்றாவது, நீங்கள் எல்லோரும் அறிந்த மணி, இங்கே இரண்டாம் மாடியில். தனி வீட்டில் வளர்ப்பதும் ஃபிளாட்டில் வளர்ப்பதும் ஒன்றல்ல என்பதை மணிதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

குடியிருப்பில் நாய் வளர்க்கலாமா கூடாதா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. அதற்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது. லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. அதே வாரியம் நாய் வளர்ப்பவர்களுக்கும் சொல்கிறது: தடுப்பூசி போடுங்கள், பொது இடத்தில் அசுத்தம் செய்தால் நீங்களே சுத்தம் செய்யுங்கள், அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மில் பலர் முதல் பாதியை மட்டும் செல்போனில் வைத்துக்கொண்டு காட்டுகிறோம். நான் பேச வந்தது இரண்டாம் பாதியைப் பற்றி.

"மலைக்குக் கொண்டுபோய் விட்டாச்சு"

கடந்த இரண்டு ஆண்டுகளில் நம் குடியிருப்புக்கு ஐந்து குட்டிகள் வந்தன. இன்று மூன்றுதான் இருக்கின்றன. மற்ற இரண்டும் நோயில் சாகவில்லை. எட்டு மாதம் ஆனதும், "சமாளிக்க முடியல சார், மலைக்குக் கொண்டுபோய் விட்டாச்சு" என்றார்கள். யார் என்று சொல்லப்போவதில்லை, அது தேவையும் இல்லை. ஆனால் அந்த "மலைக்கு" என்ற சொல்லை நாம் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

கல்வராயன் மலை நமக்கு விடுமுறை நாளில் போய்வரும் இடம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துவிட்டு, கரியாலூர், வெள்ளிமலை என்று ஒரு சுற்று. பச்சையாக இருக்கிறது, காற்று நன்றாக இருக்கிறது, நாய் பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். வங்கியில் இருந்த காலத்தில் கடன் வேலையாக அதிகாரிகளுடன் நானும் பலமுறை மலைக்குப் போயிருக்கிறேன். அங்கே நாய் வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்குள்ள நாய்க்கு வேலை இருக்கிறது. சாமை, தினை, மரவள்ளி விளையும் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கினால் குரல் கொடுக்க வேண்டும். இரவில் ஆட்டுப் பட்டிக்குக் காவல் இருக்க வேண்டும். அது பிறந்ததிலிருந்து தாயோடு சேர்ந்து அந்த வேலையைக் கற்ற நாய். அதற்கு ஒரு வீடு உண்டு, ஒரு எல்லை உண்டு.

நம் ஃபிளாட்டில் டைல்ஸ் தரையில் பிஸ்கட் தின்று வளர்ந்த எட்டு மாத நாயை அங்கே இறக்கிவிட்டால் என்ன ஆகும்? ஊர் நாய்கள் தங்கள் எல்லைக்குள் அதை விடாது. பசித்தால் ஆட்டுக்குட்டியைத் துரத்தும், கோழியைப் பிடிக்கும். அந்தக் குடும்பத்துக்கு அந்த ஆடுதான் சேமிப்பு. நம் ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி. தடுப்பூசி போடாத நாயாக இருந்து யாரையாவது கடித்தால், அவர்கள் ஊசிக்காக மலைப்பாதையில் அலைய வேண்டும், ஒரு முறை அல்ல, நான்கு முறை. நம் தொல்லையை நாம் தீர்க்கவில்லை. நம்மைவிட வசதி குறைந்தவர்கள் தலையில் இறக்கி வைத்துவிட்டு வருகிறோம்.

சட்டமும் இதைக் குற்றம் என்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11ஆவது பிரிவில், பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் விலங்கைக் கைவிடுவது தண்டனைக்குரியது. முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசு. ஆகவே அபராதத்துக்குப் பயந்து யாரும் நிறுத்தப்போவதில்லை. எட்டாம் மாதத்தில் நாயை வெளியேற்றும் நிலைமையே வராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. அது குட்டி வந்த முதல் நூறு நாளில் நம் கையில் இருக்கிறது.

வாங்கும் முன்

முதலில் வயது. தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கக் கூடாது. 2017இல் வந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளும் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. "குட்டியா இருந்தாத்தான் நம்மகிட்ட ஒட்டும்" என்று முப்பது நாள் குட்டியைத் தூக்கி வருகிறோம். ஆனால் எவ்வளவு பலமாகக் கடித்தால் வலிக்கும், எப்போது விட்டுவிட வேண்டும் என்பதைத் தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும்தான் அது கற்கிறது. அந்தப் பாடம் முடியாமல் வந்த குட்டி நம் பேரப்பிள்ளைகளின் கையில் பாடம் படிக்கும்.

அடுத்து இனம். கள்ளக்குறிச்சி வெயில் உங்களுக்குத் தெரியும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. அடர்ந்த ரோமமுள்ள பனிப்பிரதேச ஹஸ்கியும், மூக்கு சப்பையான பக்கும் இங்கே மே மாதத்தில் படும் பாடு பார்க்கச் சகிக்காது.

நம் நாட்டு இனங்களுக்கு இன்று நல்ல மதிப்பு இருக்கிறது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு இந்திய நாய்த் தபால் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. ஆனால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாமே காவலுக்கும் வேட்டைக்கும் உருவானவை. ஓட வேண்டும். தினமும் காலையும் மாலையும் நீண்ட நடை கொடுக்க முடியாதவர்கள் பெருமைக்காக அவற்றை வாங்க வேண்டாம். அவற்றுக்குச் செலவிடும் பணமும் நேரமும் இல்லாதவர்களுக்குச் சாதாரண நாட்டுக் குட்டியே போதும். மணி அப்படி வந்ததுதான். கரியாலூர்ப் பக்கம் தெரிந்தவர் கொல்லையில் பிறந்த ஐந்தில் ஒன்று. அறுபத்தி மூன்றாம் நாள் இங்கே வந்தது.

மூன்றாவது, வீட்டுக்குள் ஒரு கூட்டம் போடுங்கள். காலை ஐந்தரைக்கு யார் இறக்கிக்கொண்டு போவது, மதியம் யார் வீட்டில் இருப்பார், ஊருக்குப் போனால் யார் பொறுப்பு, மாதம் எவ்வளவு செலவு. நாய் சாதாரணமாகப் பத்திலிருந்து பதினைந்து ஆண்டு வாழும். பத்தாம் வகுப்புப் பையன் ஆசைப்படுகிறான் என்று வாங்கினால், அவன் இரண்டே வருடத்தில் கல்லூரி விடுதிக்குப் போய்விடுவான். மிச்சம் இருக்கும் பத்து ஆண்டும் உங்களுக்குத்தான்.

பழகும் காலம் மிகக் குறைவு

அமெரிக்காவில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துக் கவனித்து 1965இல் ஒரு பெரிய நூல் எழுதினார்கள். அந்த ஆய்வும் அதற்குப் பின் வந்தவையும் சொல்வதன் சாரம் இது: ஏறக்குறைய மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரை குட்டியின் மனசு திறந்திருக்கிறது. அப்போது பார்த்துப் பழகியதெல்லாம் சாதாரணம். பார்க்காததெல்லாம் பிற்காலத்தில் பயம். பயந்த நாய்தான் பெரும்பாலும் குரைக்கிறது, கடிக்கிறது.

எட்டாம் வாரத்தில் வரும் குட்டிக்கு அந்தக் கதவு மூட ஆறே வாரம் பாக்கி. அந்த ஆறு வாரத்தில் நம் குடியிருப்பில் உள்ள எல்லாவற்றையும் அது மெதுவாக, பயப்படாமல் பார்த்துவிட வேண்டும். லிஃப்ட் கதவு, குக்கர் விசில், மிக்ஸி, பால்காரர் பைக், ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், ஊன்றுகோல் வைத்த பெரியவர், சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள், வாட்ச்மேன் விசில். ஒவ்வொன்றும் தூரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பார்த்ததும் ஒரு துண்டு தீனி. பயந்து பின்வாங்கினால் இழுக்காதீர்கள். இன்னும் தள்ளி நின்று காட்டுங்கள். தீபாவளி வெடிச் சத்தத்தைச் செல்போனில் மிகக் குறைந்த ஒலியில் வைத்து, சாப்பிடும் நேரத்தில் கேட்க விட்டு, நாளாக நாளாகக் கொஞ்சம் கூட்டலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தடுப்பூசி வரிசை முடியாத குட்டியைத் தெரு மண்ணில் விடக் கூடாது. பார்வோ என்ற வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாந்தியும் ரத்தப்பேதியுமாக இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும். அதற்காக வீட்டுக்குள் பூட்டி வைத்தால் பழகும் காலம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் வழி, கையில் தூக்கிக்கொண்டு காட்டுவது. மணியை ஒரு மாதம் தோளில் போட்டுக்கொண்டு பார்க்கிங்கில் நடந்தேன். சிலர் சிரித்தார்கள். இன்று லிஃப்டில் யார் ஏறினாலும் மணி மூலையில் உட்கார்ந்துகொள்கிறது.

ஒன்றுக்கு, இரண்டுக்கு

அதிகமான புகார் வருவது இதில்தான். குட்டியின் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டுங்கள். ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் அதனால் அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அதற்கு மேல் எதிர்பார்ப்பது நம் தவறு. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், விளையாடி முடித்ததும் அதற்குப் போக வேண்டியிருக்கும். தரையை முகர்ந்துகொண்டு வட்டமடித்தால் உடனே தூக்குங்கள்.

தடுப்பூசி முடியும் வரை பால்கனியில் ஒரு மூலையில் செய்தித்தாளோ, தட்டில் மண்ணோ வையுங்கள். எப்போதும் அதே மூலை. போய் முடித்த அந்த நொடியில் பாராட்டி ஒரு துண்டு தீனி கொடுங்கள். உள்ளே வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், டப்பா திறந்ததற்குப் பரிசு என்று அது கணக்கு வைத்துக்கொள்ளும். பால்கனியைக் கழுவும் தண்ணீர் கீழ்வீட்டுத் துணியில் விழாமல் பார்ப்பதும் இந்தப் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

ஹாலில் போய்விட்டதா? அடிக்க வேண்டாம், மூக்கை அதில் தேய்க்க வேண்டாம். பத்து நிமிடம் முன் செய்ததற்கு இப்போது அடித்தால் அதற்கு விளங்காது. நம்மைக் கண்டு பயந்து, அடுத்த முறை சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்து செய்யும். வாசனை முழுவதும் போகும்படி துடையுங்கள். வாசனை இருந்தால் அது கழிப்பிடம் என்று நினைக்கும். அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம், அதன் நெடி சிறுநீர் மாதிரியே இருக்கும். ஃபினாயில் போட்டால் நன்றாகக் காயும் வரை குட்டியை அங்கே விடாதீர்கள், பாதத்தை நக்கும்.

கீழே இறக்கிப் பழக்கும் நாள் வந்ததும், பையில் பழைய செய்தித்தாளும் ஒரு கவரும் இல்லாமல் லிஃப்டில் ஏற வேண்டாம். நாயின் மேல் உள்ள கோபத்தில் பாதி, உண்மையில் எடுக்காமல் விட்டுவிட்ட மனிதரின் மேல் உள்ள கோபம்.

கடிப்பதும் உறுமுவதும்

குட்டிக்கு 28 பால் பற்கள். நான்காம் மாதத்திலிருந்து விழுந்து, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் வந்துவிடும். ஈறு ஊறும்போது செருப்பு, மேசைக்கால், உங்கள் விரல் எல்லாம் ஒன்றுதான். கையைக் கடித்தால் இழுத்து விளையாடாதீர்கள். "ஆ" என்று ஒரு சத்தம், விளையாட்டு நின்றுவிட வேண்டும், எழுந்து போய்விடுங்கள். கடித்தால் ஆட்டம் முடிந்தது என்று புரிந்துகொள்ளும். கடிக்கத் தக்க பொம்மை ஒன்றைக் கையில் வைத்திருந்து மாற்றிக் கொடுங்கள். பழைய செருப்பைக் கொடுத்துப் பழக்கினால், அது பழசு எது புதுசு எது என்று பார்க்காது.

இன்னொன்று மிக முக்கியம். குட்டி உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை: "எனக்குப் பிடிக்கவில்லை, விலகு" என்கிறது. உறுமியதற்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும். அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். "நல்ல நாய்தான் சார், திடீர்னு கடிச்சிடுச்சு" என்று கேள்விப்படுவதில் பல, இப்படி வாய் அடைக்கப்பட்ட நாய்கள். ஏன் உறுமியது என்று பாருங்கள். சாப்பிடும்போது தட்டைத் தொட்டோமா, தூங்கும்போது பிள்ளை மேலே விழுந்ததா என்று.

சொல் ஒன்று, பரிசு உடனே

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் 1904இல் நோபல் பரிசு பெற்றது ஜீரணம் பற்றிய ஆராய்ச்சிக்கு. அந்த வேலையில்தான், உணவு வாயில் படும் முன்பே, அது வரப்போகிறது என்ற அடையாளத்தைக் கண்டே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் கவனித்தார். நாயின் படிப்பு முழுக்க இப்படித்தான்: இதற்குப் பின் இது வரும். அதனால் பரிசு ஓரிரு நொடிக்குள் கையில் இருக்க வேண்டும்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? தாத்தா "வாடா" என்கிறார், மருமகள் "கம் கம்" என்கிறார், பேரன் "டே மணி, இங்க" என்கிறான். குட்டி மூவரையும் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. குடும்பம் முழுவதும் ஒரே சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். தமிழா ஆங்கிலமா என்பது நாய்க்கு ஒன்றே. குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டுங்கள்: "வா", "உட்கார்", "விடு", "இரு". நான்கு சொல் போதும். இதில் "வா"வும் "விடு"வும் உயிர் காக்கும் சொற்கள். ஒன்று கேட் திறந்திருக்கும்போது, மற்றது தெருவில் எதையோ கவ்வும்போது. "வா" என்று கூப்பிட்டு, வந்த பின் ஒருபோதும் திட்டாதீர்கள்.

ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுப்பதில் பயனில்லை. ஆர்.டி. கணக்கு மாதிரி, சின்னத் தொகை, தவறாமல் கட்ட வேண்டும்.

தனியாக இருக்கவும் பழக்க வேண்டும். அதைச் செய்யாததால்தான் நாம் ஆபீசுக்கோ கல்யாணத்துக்கோ போனதும் குட்டி நாள் முழுக்கக் கத்தி, பக்கத்து வீட்டில் இரவுப் பணி முடித்துத் தூங்குபவரை எழுப்புகிறது. முதலில் ஒரு நிமிடம் கதவுக்கு வெளியே நின்று திரும்புங்கள். பிறகு மூன்று, ஐந்து, பதினைந்து நிமிடம். போகும்போது கொஞ்சுவதும் வேண்டாம், வரும்போது ஆர்ப்பாட்டமும் வேண்டாம்.

சாப்பாடு

மூன்று மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை. வெறும் தயிர்சாதத்தில் வளரும் குட்டிக்குப் போதிய புரதம் கிடைக்காது. வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி சேருங்கள், அல்லது மருத்துவர் சொல்லும் குட்டித் தீவனம் கொடுங்கள். மாட்டுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும். வெந்த கோழி எலும்பு பிளந்து குடலைக் குத்தும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம். சாம்பார் சாதமும் உலர்திராட்சை போட்ட கேசரியும் பாசத்தால் கொடுக்கக் கூடாதவை. காய்ச்சல் என்று நம் பாரசிட்டமாலை உடைத்துக் கொடுக்கவே கூடாது.

ஊசியும் பாஸ்புக்கும்

ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஸ்டெம்பர், பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி தொடங்கும்; மூன்று நான்கு வார இடைவெளியில் நான்கு மாதம் வரை திரும்பப் போட வேண்டும். குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் பூஸ்டர், அதன் பின் ஆண்டுதோறும். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாட்களை ஒட்டிக் கால்நடைத் துறை இலவச ரேபிஸ் ஊசி முகாம் நடத்துவது வழக்கம். 1885 ஜூலை 6 அன்றுதான் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் ரேபிஸ் தடுப்பூசி போட்டார். தடுப்பூசி அட்டையை பாஸ்புக் மாதிரி பத்திரமாக வையுங்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. அந்தப் பயத்திலேயே பலர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இப்போது அது இல்லை. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கையில் போடுகிறார்கள். முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள். கடித்தாலோ பல் கீறினாலோ, குட்டிதானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்காதீர்கள். உடனே சிறுவங்கூரில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ போங்கள். ஆழமான காயத்துக்குக் காயத்திலேயே இன்னொரு ஊசி தேவைப்படும். அதை மருத்துவர் முடிவு செய்வார். ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற வழியில்லை. வரும் முன் தடுப்பது ஏறக்குறைய உறுதி. இவ்வளவு பெரிய வித்தியாசமுள்ள நோய் வேறு அதிகம் இல்லை.

எட்டாம் மாதம்

இவ்வளவும் செய்தாலும், ஏழாம் எட்டாம் மாதத்தில் உங்கள் நாய் கற்றதையெல்லாம் மறந்ததுபோல் நடக்கும். "வா" என்றால் திரும்பிப் பார்க்கும், வராது. இது வளரிளம் பருவம். இங்கிலாந்தில் 2020இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து மாதத்தில் சொன்னபடி உட்கார்ந்த குட்டிகள் எட்டு மாதத்தில் தங்களை வளர்த்தவர் சொன்னால் உட்காரத் தாமதித்தன. அந்நியர் சொன்னால் உட்கார்ந்தன. பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு வரை வளர்த்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. சில மாதத்தில் சரியாகிவிடும்.

நம் குடியிருப்பிலிருந்து மலைக்குப் போன இரண்டும் எட்டு மாதத்தில் போனவை என்பதை நினைவில் வையுங்கள். இன்னும் நான்கைந்து மாதம் பொறுத்திருந்தால் அவை இங்கேயே படுத்திருக்கும். முடியவே முடியவில்லை என்றால் சங்கத்தில் சொல்லுங்கள். கேட்டு விசாரித்து, நிலமும் ஆளும் உள்ள ஒரு வீட்டைக் கண்டுபிடித்து, தடுப்பூசி அட்டையோடு கையில் கொடுப்போம். குட்டி போடாமல் இருக்கக் கருத்தடை அறுவை எந்த வயதில் என்று மருத்துவரிடம் கேளுங்கள். வேண்டாத குட்டிகள் பிறந்தால் அவையும் ஏதாவது ஒரு சாலையோரத்துக்குத்தான் போகும்.

நாய் வளர்க்காதவர்களுக்கும் இரண்டு வார்த்தை. பயப்படுவது உங்கள் உரிமை. "ஒண்ணும் பண்ணாது" என்று யார் சொன்னாலும் நீங்கள் பழக வேண்டிய கட்டாயமில்லை. லிஃப்டில் நாய் இருந்தால் "அடுத்ததில் வருகிறேன்" என்று நாய்க்காரர்தான் ஒதுங்க வேண்டும். பிள்ளைகளுக்கு மட்டும் மூன்று பழக்கம் சொல்லிக் கொடுங்கள்: நாயைக் கண்டு ஓடக் கூடாது, தூங்கும் சாப்பிடும் நாயைத் தொடக் கூடாது, வளர்ப்பவரைக் கேட்காமல் கை நீட்டக் கூடாது.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றே. நாய் வளர்க்கும் ஒவ்வொரு வீட்டின் தடுப்பூசி அட்டை நகலும் அலுவலகக் கோப்பில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்போம். முதல் நகலை, மணியின் அட்டையை, இன்று செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். புதிதாகக் குட்டி வாங்க நினைப்பவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் பார்க்கிங் பக்கம் வந்தால் நானும் மணியும் அங்கே இருப்போம். வாங்கிய பின் வருவதைவிட, வாங்கும் முன் வந்தால் இன்னும் நல்லது.